ஓடாத காருக்குச் சோதனை வேண்டாமா?

பழைய கார்களின் ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 அன்று 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. அதற்கு முந்தைய வாரங்களில் ஆர்.சி. காலாவதியாகி அவசரமாகப் புதுப்பித்தவர்களுக்கு, அந்த ஐந்தாண்டு 2027 மார்ச்சை ஒட்டி முடிகிறது. இதற்கிடையில் 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கட்டணத்தை இன்னொரு படி ஏற்றிவிட்டது. இருபது வயது தாண்டிய காருக்கு இப்போது 10,000 ரூபாய், பைக்குக்கு 2,000. பெங்களூரின் அல்சூர், சிவாஜி நகர் முதல் கே.ஜி.எஃப். வரை பல இடங்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே சந்தேகம்தான் வெவ்வேறு உருவத்தில் இருக்கிறது. ஐம்பது வயதான வண்டியை விண்டேஜ் என்று பதிந்துவிட்டால், பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் வேலை மிச்சமா?

சட்டம் எதை விண்டேஜ் என்கிறது?

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த திருத்தம் இதை வரையறுக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டியாக இருக்க வேண்டும். மூல வடிவத்திலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. மோட்டார் பாரம்பரியத்தைக் காப்பதே நோக்கம் என்று அமைச்சகம் சொல்கிறது.

நோக்கத்தில் குறை இல்லை. வரையறையில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று பாருங்கள். எஞ்சின், சேஸிஸ், பாடி மூன்றும் இருக்கின்றன. பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றும் இல்லை. வண்டி மாறாமல் இருக்கிறதா என்று கேட்கிற விதி, வண்டி நிற்குமா என்று கேட்கவில்லை. ஒரு காலத்தில் பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் டீசல் எஞ்சின் மாற்றிய அம்பாசடர்கள் நம் ஊர்ப் பக்கம் ஏராளம். அப்படி ஒரு வண்டியின் பிரேக் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அது விண்டேஜ் ஆகாது. எஞ்சின் மாறாத இன்னொரு அம்பாசடரின் பிரேக் எப்படி இருந்தாலும் வரையறைக்குள் வந்துவிடும்.

சரி, சோதனையிலிருந்து விலக்கு உண்டா?

நேரடியாக இல்லை. ஆனால் இடைவெளி இரட்டிப்பாகிறது. சாதாரண ஆர்.சி. பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகத்தான் நீளும். ஒவ்வொரு முறையும் வண்டியைக் காட்ட வேண்டும். விண்டேஜ் பதிவு ஒரே மூச்சில் பத்து ஆண்டு செல்லும். ஆக, வண்டி மூப்படைந்த பிறகு அதைப் பார்க்கும் கண்கள் பாதியாகக் குறைகின்றன. இதை யாரும் விலக்கு என்று அழைப்பதில்லை, ஆனால் நடைமுறையில் பாதி விலக்குதான்.

இதற்குப் பதிலாகச் சட்டம் கேட்பது ஒன்றே ஒன்று: வண்டியை அன்றாட உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக் கூடாது. 2020 நவம்பரில் வந்த வரைவு, கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது என்று பட்டியலே போட்டிருந்தது. அதிகம் ஓடாத வண்டிக்கு அடிக்கடி சோதனை எதற்கு என்பதுதான் இதன் அடியில் உள்ள நம்பிக்கை. கேட்கும்போது நியாயமாகத் தோன்றும் இந்த நம்பிக்கைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஓடாத கார் அப்படியே இருப்பதில்லை. நின்ற இடத்திலேயே கெடுகிறது.

பிரேக் ஆயிலிலிருந்து தொடங்குவோம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றால், ஈரம் ஏறிய ஆயில் வீல் சிலிண்டரின் உட்சுவரில் துருவை ஏற்றுகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து போகிறது. அடுத்த முறை பெடலை ஓங்கி மிதிக்கும்போது அந்தத் துரு வாஷரைக் கீறிக் கசிவு தொடங்கும். இன்றைய கார்களில் பிரேக் லைன் இரண்டு தனித் தனிச் சுற்றாகப் பிரிந்திருப்பதால், ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். அறுபதுகளின் கார்களில் பெரும்பாலும் ஒரே சுற்றுதான். ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கிலும் பிரேக் போகும். மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்.

டயரும் அப்படித்தான். ஓடாத டயரின் பட்டன் தேயாமல் புதிதாகத் தெரியும். ரப்பர் வயதாகி இறுகி, பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். பட்டனின் ஆழத்தை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

மூன்றாவது பெட்ரோல் ஹோஸ். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஐம்பதாண்டுக்கு முன்பு கார்புரேட்டர் கேஸ்கெட்டும் ஹோஸும் செய்தவர்கள் இதை நினைத்துச் செய்யவில்லை. எத்தனால் அந்தக் கால ரப்பரை உப்ப வைக்கும், பிறகு வெடிக்க வைக்கும். ஈரத்தை இழுத்து டேங்கிலும் துரு ஏற்றும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன நடக்கும் என்று ஜே.சி. ரோடில் ஸ்பேர் விற்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஹோஸை மாற்ற ஆகும் செலவு சொற்பம். மாற்ற வேண்டும் என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் விஷயம். பத்தாண்டு இடைவெளியில் அந்த யாராவது இல்லை.

அக்கறையுள்ள சொந்தக்காரர் தானே பார்த்துக்கொள்வார் என்று இதற்குப் பதில் சொல்லலாம். நிறையப் பேர் நிஜமாகவே தங்கள் வண்டிகளைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் விதி அந்த நல்லவர்களுக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது: ஐம்பது ஆண்டு என்பது நகர்கிற கோடு. மைசூரு ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் 1973 வாக்கில் யெஸ்டி என்ற பெயரில் வெளிவந்த முதல் பைக்குகள் ஏற்கெனவே இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் தாண்டிவிட்டது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800, 2033 டிசம்பரில் தாண்டும். அரண்மனை ரோல்ஸ் ராய்ஸ்களை மனத்தில் வைத்து எழுதிய விதிக்குள் அன்று முதல் தெருக்கோடிக் கார் வரத் தொடங்கும்.

வெளிநாடுகளில் எப்படி?

பிரிட்டன் 2018 மே 20 முதல், 40 வயது கடந்த, கடந்த 30 ஆண்டில் பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களை ஆண்டுச் சோதனையிலிருந்து விடுவித்துவிட்டது. மாற்றம் இல்லை என்று சொந்தக்காரரே எழுதிக் கொடுத்தால் போதும். ஜெர்மனி வேறு வழியில் போகிறது. 30 வயதான வண்டிக்கு எண் பலகையில் தனி எழுத்து தருகிறது, வரிச் சலுகையும் தருகிறது, ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சோதனையை விடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 ஆணை இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. எனக்கு ஜெர்மனியின் வழிதான் சரியாகப் படுகிறது. வயதை மதிப்பதும் பிரேக்கைப் பார்ப்பதும் அங்கே ஒன்றுக்கொன்று குறுக்கே வருவதில்லை.

பெங்களூருக்கும் இதுதான் பொருந்தும். ஏர்பேக் எங்கே, சீட் பெல்ட் எங்கே என்று 1962 மாடல் பியட்டிடம் கேட்பது அநியாயம். பிரேக், ஸ்டியரிங், டயர், பெட்ரோல் லைன், விளக்கு ஆகிய ஐந்தை மட்டும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பழைய வண்டி தெரிந்த மெக்கானிக் ஒருவரை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்றைய காருக்கான அளவுகோலை அப்படியே வைத்தால் நல்ல டிரம் பிரேக்கும் தோற்றுவிடும் என்று சேகரிப்பாளர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்குத் தீர்வு தனி அளவுகோல், சோதனையே வேண்டாம் என்பதல்ல.

விண்டேஜ் ஆக்கினால் காசு மிச்சமா?

காருக்கு முதல் பத்தாண்டில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. விண்டேஜ் முதல் பதிவுக்கு 20,000. சாதாரண வழியில் இரண்டு முறை 10,000, அதுவும் 20,000தான். அதற்குப் பிறகு விண்டேஜ் மறுபதிவு 5,000 என்பதால் லாபம் தொடங்கும். ஜாவா, யெஸ்டி, புல்லட் வைத்திருப்பவர்களுக்கு முதல் பத்தாண்டு நட்டம்: சாதாரண வழியில் 4,000, விண்டேஜ் வழியில் 20,000. தினமும் ஓட்டும் உரிமையும் போகும்.

பழைய எம்.ஒய்.பி. நம்பர் போய்விடுமா?

போகாது. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவைக்கு மட்டும் கே.ஏ.வுக்கு அடுத்து வி.ஏ. வரும்.

இன்சூரன்ஸ்?

கட்டாயம். விண்டேஜ் என்று பதிவான காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் பாதித் தள்ளுபடி 2022 ஜூன் முதல் உண்டு.

புகைச் சான்று?

வேண்டும். 2000-க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம்.

பழைய ஆட்டோ, லாரி?

விண்டேஜ் விதிக்குள் வராது.

1990 பத்மினி, கான்டெஸா?

இடைப்பட்ட வயதுக்கு நம் சட்டத்தில் தனி வகை இல்லை. 10,000 கட்டி ஐந்தாண்டுக்கு ஒரு முறை காட்ட வேண்டும்.

புதுப்பிக்கும் தேதி தவறினால்?

காருக்கு மாதம் 500, பைக்குக்கு 300 கூடுதல். புதுப்பிக்கும்வரை வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது.