தகவல் துளி: கடைசி இடத்திலிருந்து முதலிடத்துக்கு

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் டாம்பா பே ரேஸ் என்றொரு பேஸ்பால் அணி. 1998-இல் களமிறங்கியது. முதல் பத்து ஆண்டுகளில் ஒன்பது முறை தன் பிரிவில் கடைசி இடம்! கூட்டமும் வரவில்லை, காசும் சேரவில்லை.

2005-இல் நிர்வாகம் கைமாறியது. நிதித்துறையிலிருந்து வந்த ஸ்டூவர்ட் ஸ்டெர்ன்பெர்க் பொறுப்பேற்றார். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை 28 வயது ஆண்ட்ரூ ஃப்ரீட்மனிடம் ஒப்படைத்தார். ரசிகர்களை வரவழைக்க, மைதானத்தில் வண்டி நிறுத்தக் கட்டணம் கிடையாது என்று 2006-இல் அறிவித்தார்கள்.

நட்சத்திர வீரர்களை வாங்க வசதியில்லை. அதனால் இளைஞர்களை வளர்த்தார்கள், புள்ளிவிவரங்களை அலசினார்கள். எதிரணியின் ஓட்டத்தைத் தடுப்பதும் நாம் ஓட்டம் எடுப்பதற்குச் சமம் என்று கணக்குப் போட்டார்கள். டெல்மன் யங் என்ற இளம் மட்டையாளரை விட்டுக்கொடுத்து, பந்தெறியும் மாட் கார்சாவையும், பந்தைத் தடுப்பதில் கெட்டிக்காரரான ஜேசன் பார்ட்லெட்டையும் வாங்கினார்கள்.

பலன்? 2007-இல் 66 வெற்றிகள்; 2008-இல் 97! உலகத் தொடர் எனப்படும் இறுதிச் சுற்று வரை முன்னேறி, அங்கே பிலடெல்ஃபியா அணியிடம் தோற்றார்கள்.

அந்த ஆண்டு நியூயார்க் யாங்கீஸ் அணி வீரர்களின் சம்பளத்துக்குக் கொட்டிய பணத்தில், டாம்பா பே செலவிட்டது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் பிரிவில் முதலிடம் டாம்பா பேக்கு. யாங்கீஸுக்கு மூன்றாவது இடம்!