பிறந்த மண்ணுக்குத் திரும்பிய தளபதி

போர்னு சொன்னாலே ஜெயிச்சவங்க பேர்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே இறந்துபோன ஒருத்தரை ஒரு நாடே இன்னும் நினைச்சுக்கிட்டு இருக்கு. அந்த நாடு லாட்வியா. அவர் கர்னல் ஒஸ்கார்ஸ் கல்பாக்ஸ்.

லாட்வியா எங்கே இருக்கு?

ஐரோப்பா வரைபடத்தைப் பாருங்க. பால்டிக் கடலின் கிழக்குக் கரையில் எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா என்று மூன்று சிறிய நாடுகள் வரிசையாக இருக்கும். நடுவில் இருப்பது லாட்வியா. தலைநகரம் ரீகா. மக்கள் தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த இந்த நாடு, 1918 நவம்பர் 18 அன்று தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்தது.

அறிவிச்சா மட்டும் போதுமா? உடனே செஞ்சேனை உள்ளே வந்தது. 1919 ஜனவரி முதல் வாரத்திலேயே ரீகா கைவிட்டுப் போனது. அந்தச் செஞ்சேனையிலும் நிறைய லாட்வியர்கள் இருந்தார்கள். ஒரே மொழி பேசுகிறவர்கள் எதிரும் புதிருமாக நின்றார்கள் என்பதுதான் வேதனை.

யார் இந்தக் கல்பாக்ஸ்?

1882 ஜனவரி 6-ல் மெய்ரானி என்ற ஊர்ப்பக்கம், லியெப்சலாஸ் என்ற பண்ணை வீட்டில் பிறந்தார். லாட்வியாவில் பண்ணை வீடு ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. லியெபா என்றால் லிண்டன் மரம், சலா என்றால் தீவு. எவ்வளவு அழகான பெயர் பாருங்க! அந்நாட்டின் மிகப் பெரிய ஏரியான லுபான்ஸ் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

கல்பாக்ஸ் ரஷ்ய ராணுவத்தில் அதிகாரியாகி முதல் உலகப் போரில் சண்டையிட்டார். பிறகு சொந்த நாட்டுக்கு வந்து, புதிய அரசின் முதல் படைப்பிரிவுக்குத் தலைவரானார். ஆட்கள் ரொம்பக் குறைவு. மேற்கே பின்வாங்கிப் போனாலும் படை கலைந்து போகாமல் காப்பாற்றினார். மார்ச் மாதம் திரும்பவும் முன்னேறத் தொடங்கினார்கள்.

எப்படி இறந்தார்?

அப்போது செஞ்சேனையை எதிர்த்து ஜெர்மன் படைகளும் அதே பக்கம் நின்று போரிட்டன. 1919 மார்ச் 6-ல் ஐரீட்டெஸ் என்ற பண்ணைக்குப் பக்கத்தில், ஒரு ஜெர்மன் படைப்பிரிவு கல்பாக்ஸின் ஆட்களை எதிரி என்று தவறாக நினைத்துச் சுட்டுவிட்டது. எதிரி குண்டில் இல்லை, கூட்டாளி குண்டில் கல்பாக்ஸ் இறந்தார். வயது 37 தான்.

அவருக்குப் பின் யானிஸ் பாலோடிஸ் தலைமை ஏற்றார். இவர் பின்னாளில் ஜெனரல் ஆனவர். மே 22-ல் ரீகா மீட்கப்பட்டது. 1920 ஆகஸ்ட் 11-ல் ரஷ்யாவுடன் சமாதான ஒப்பந்தம் ஆனது. இதில் எதையுமே கல்பாக்ஸ் பார்க்கவில்லை.

நினைவிடம்

முதலில் மேற்குக் கரையில் உள்ள லியெபாயா துறைமுக நகரில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். பிறகு நாட்டின் கிழக்குப் பக்கம், சொந்த ஊரான மெய்ரானிக்கே கொண்டு வந்து விசகல்ஸ் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். இறந்த இடமான ஐரீட்டெஸில் ஒரு நினைவிடம், பிறந்த மண்ணில் ஒரு நினைவிடம் என்று இரண்டு இருக்கின்றன. ரீகாவிலும் நினைவுச் சின்னம் உண்டு. ஆனா அது 2006-ல்தான் வந்தது.

ஏன் இவ்வளவு தாமதம்? 1940-ல் சோவியத் யூனியன் லாட்வியாவைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆட்சிக் காலத்தில் கல்பாக்ஸை வெளிப்படையாகப் புகழ முடியாது. 1991-ல் மறுபடி சுதந்திரம் கிடைத்த பிறகு மார்ச் 6 பழையபடி நினைவு நாளாகியது. லாட்வியாவில் கோடைக்காலத்தில் குடும்பத்தோடு கல்லறைகளுக்குப் போய், சுத்தம் செய்து பூ வைக்கும் பழக்கமும் உண்டு.

நான் நினைப்பது

தலைநகரத்துச் சிலை அவர் தளபதி என்று சொல்லும். பிறந்த ஊர்க் கல்லறை அவர் ஒரு பண்ணை வீட்டுப் பிள்ளை என்று சொல்லும். இரண்டாவதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது. ஏன்னா ஒரு நாட்டைக் காப்பாத்துறவங்க எங்கேயோ வானத்திலிருந்து வர்றதில்லை, இப்படி ஒரு வீட்டிலிருந்துதான் வர்றாங்க. கல்லை யாரும் இடிக்கலாம், மறைக்கலாம். ஆனா ஜனங்க மனசுல இருந்தா அது திரும்ப எழும்பும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி