சூசையப்பர் தலத்துக் கல் ஆலை

அமெரிக்காவின் தெக்சாஸ் மாநிலத்தில், சான் அந்தோனியோ நகரில், புனித சூசையப்பர் பெயரால் விளங்கும் பழம்பெரும் மறைபரப்புத் தலம் ஒன்று உண்டு. பிரான்சிஸ்கன் துறவியாகிய அந்தோனியோ மார்கில் அடிகளார் 1720-இல் அதனை நிறுவினார். அதன் வடமதிலுக்கு வெளியே நிற்கும் சிறிய கல் கட்டடமே நாம் இங்குக் காணவிருக்கும் மாவு ஆலை.

1794-ஆம் ஆண்டளவில் எழுந்த இவ்வாலையின் அமைப்பு மிக எளியது. சான் அந்தோனியோ ஆற்றிலிருந்து கால்வாய் வழியே வந்த நீர், ஆழமான கல் தொட்டியில் நிரம்பி, அடியிலுள்ள சிறு துளை வழியே சீறிப் பாய்ந்து, படுக்கைவாட்டில் அமைந்த மரச்சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தின் அச்சு நேரே மேல்தளத்திற்கு ஏறி மேற்கல்லைத் திருப்பும், அடிக்கல் அசையாது. பற்சக்கரங்கள் எவையும் இல்லை. நீர்ச்சக்கரம் ஒரு முறை சுற்றினால் திரிகையும் ஒரு முறையே சுற்றும். வேலை முடித்த நீர் வயல்களுக்குச் சென்றது.

இதனை வியக்கும் நாம், இதன் பின்னே நின்ற மனிதரை மறத்தலாகாது. கால்வாய்களை வெட்டியும் கற்களைச் சுமந்தும் உழைத்தவர் அந்நாட்டுப் பூர்வகுடிகள். அவர்களுடைய முக்கிய உணவு மக்காச்சோளம். பெண்கள் மண்டியிட்டு, அம்மி போன்ற கல்லில் அதனை அரைத்தனர். கோதுமையோ ஸ்பானியர் கொணர்ந்த தானியம். திருப்பலி அப்பத்திற்கும் அது வேண்டும். துறவியரிடம் அம்மக்கள் விசுவாசத்தையும் பாதுகாப்பையும் பெற்றனர் என்பது உண்மை. விரும்பியவாறு சென்று வாழும் உரிமையை இழந்தனர் என்பதும், அம்மை முதலிய நோய்களால் பெருமளவில் மடிந்தனர் என்பதும் அதே அளவு உண்மை.

1794-லேயே தலத்து நிலங்கள் எஞ்சியிருந்த பூர்வகுடிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. 1824-இல் மறைபரப்புத் தலம் என்ற நிலை முற்றிலும் முடிவுற்றது. மண்ணில் மறைந்த ஆலை 1930-களில் வெளிப்பட, எர்ன்ஸ்ட் ஷுகார்ட் என்னும் பொறியாளரின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டது. 2015-இல் இத்தலம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ஆலயத்தில் பங்கு மக்கள் இன்றும் திருப்பலி காண்கின்றனர்.

ஏழையின் திரிகைக் கல்லை அடகாகப் பெறலாகாது, அது அவன் உயிரையே பறிப்பதாகும் எனப் பழைய ஏற்பாட்டுச் சட்டம் விதித்தது. அரைக்கும் கல்லில் ஒரு குடும்பத்தின் வாழ்வு அடங்கியுள்ளது. பீடத்தில் அப்பம் உயர்த்தப்படும் வேளையில், அதனை விளைவித்து அரைத்த பெயரறியாக் கரங்களையும் நாம் இறைவனிடம் ஒப்படைப்போமாக. அக்கரங்களுக்கு உரிய கூலியும் மதிப்பும் நம் இல்லங்களில் கிடைக்கின்றனவா என்றும் எண்ணிப் பார்ப்போமாக.