கரிசல் வானில் ஒரு குதிரைத்தலை

தை மாதத்து இரவொன்றில் இஷாத் தொழுகையை நிறைவேற்றிவிட்டு, கோவில்பட்டிக்கு வெளியே நெடுஞ்சாலை விளக்கொளி எட்டாத கரிசல் காட்டோரம் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சியை நெருங்கும் உயரத்தில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாய் நிற்கும். ஓரியன் எனப்படும் வேட்டைக்காரன் மண்டலத்தின் இடைக்கச்சை அது. அவற்றுள் கிழக்குக் கோடியில் இருப்பதன் பெயர் 'அல்நிதாக்'. அரபு மொழியில் அதன் பொருளும் இடைக்கச்சையே! மேலைநாட்டார் இன்றளவும் அந்த அரபுப் பெயரையே வழங்கி வருகின்றனர்.

அல்நிதாக்கிற்குச் சற்றுத் தெற்கே ஒரு குதிரைத்தலை இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. பெரிய தொலைநோக்கியில் கண் வைத்தாலும், தேர்ந்தவர்களே மங்கலாய்க் காண்பர். புகைப்படத்தில்தான் அது முகம் காட்டும். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுகளுக்கு அப்பால் நுண்தூசியும் குளிர்ந்த வாயுவும் திரண்ட மேகம் அது. பின்னணியில் ஹைட்ரஜன் வாயு செந்நிறமாய் ஒளிர, அவ்வொளியை இத்தூசி மறைப்பதனால் குதிரையின் வடிவம் தோன்றுகிறது.

இதனை முதன்முதலில் கண்டவர் ஒரு பெண்மணி. கருவுற்றிருந்த நிலையில் கணவனால் கைவிடப்பட்ட வில்லியமினா ஃபிளெமிங், ஹார்வர்டு வானாய்வு நிலையத் தலைவர் எட்வர்டு பிக்கரிங்கின் இல்லத்தில் பணிப்பெண்ணாய்ச் சேர்ந்தவர். அவரது கூர்மையை அறிந்த பிக்கரிங், பின்னர் ஆய்வு நிலையத்திலேயே அவருக்கு வேலை கொடுத்தார். 1888ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கண்ணாடித் தகடு ஒன்றை ஆராய்ந்தபோது, செம்முகிலின் விளிம்பில் அரைவட்டமாய் ஒரு கரிய பள்ளம் இருப்பதை அவர் குறித்து வைத்தார். ஆனால் டிரையர் வெளியிட்ட வான்பொருள் பட்டியலில் பிக்கரிங்கின் பெயர் மட்டுமே அச்சேறியது. தகட்டை உற்று நோக்கிய கண்களுக்குப் பெயர் எதற்கு என்று எண்ணினார்கள் போலும்!

ஆய்வு நிலையத்துத் தகட்டில் கண்ட அதே காட்சியை இன்று வீட்டு மொட்டைமாடியிலிருந்தே படமெடுக்கலாம். 2023இல் விற்பனைக்கு வந்த சீஸ்டார் எஸ்50 என்னும் சிறு தொலைநோக்கியின் முகப்பு வில்லை 50 மில்லிமீட்டரே. கைப்பேசியில் பெயரைத் தொட்டால் இலக்கைத் தானே தேடிப் பிடிக்கிறது. பத்து நொடிக்கு ஒன்றாய்ப் படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குகிறது. ஒரு மணி நேரத்திற்கு 360 படங்கள். எண்ணிக்கை நான்கு மடங்கானால் படத்தின் புள்ளி இரைச்சல் பாதியாகக் குறையும். ஹைட்ரஜனின் செந்நிறத்தை விட்டு, தெருவிளக்கொளியில் பெரும்பகுதியைத் தடுக்கும் வடிகட்டியும் உள்ளேயே உண்டு.

நம் ஊருக்கென்று ஓர் இடையூறும் இருக்கிறது. கோவில்பட்டி நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ ஒன்பது பாகை வடக்கே இருப்பதால், இடைக்கச்சை ஏறக்குறைய தலையுச்சி வழியாகச் செல்கிறது. மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டுமே திரும்பும் இக்கருவிக்கு உச்சி ஆகாது. அங்கே பின்தொடரத் திணறும், படங்களும் சுழன்றுவிடும். ஆதலால் தை அமாவாசையை ஒட்டிய இரவுகளில், பத்தரை மணிக்கு மேல், அது மேற்கே சரிந்தபின் தொடங்குவதே நலம். பருவமழை ஓய்ந்து புழுதி அடங்கியிருக்கும் காலமும் அதுவே. பனி மட்டும் வில்லையில் படியும். அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் படத்தில் அல்நிதாக்கின் கண்கூசும் ஒளிதான் தெரியும். ஏமாந்து கருவியை மூடிவிடாதீர்கள். படங்கள் சேரச் சேர, மெல்லிய செம்படலத்தின் நடுவே நகக்கண் அளவில் ஒரு கருமை தலைதூக்கும்.