பொதுத்துறை இயக்குநர் குழுவும் நேர்மைத் தலைமையும்

ஆலுவா நகரில் பெரியாறு இரண்டாகப் பிரிகிறது. அங்கிருந்து மேற்கே சிறிது தொலைவில், ஆற்றின் கிளைகள் சூழ்ந்த ஏலூரில், உத்தியோகமண்டல் தொழிற்பகுதி அமைந்துள்ளது. 'ஃபாக்ட்' என்று சுருக்கமாக வழங்கப்படும் திருவிதாங்கூர் உர, இரசாயன நிறுவனம் 1943இல் பதிவு செய்யப்பட்டு, 1947இல் இங்கு உற்பத்தியைத் தொடங்கியது. திவான் சர் சி. பி. இராமசாமி ஐயரின் ஊக்கத்தால் சேஷசாயி சகோதரர்கள் நிறுவிய இந்த ஆலை, விறகிலிருந்து பெற்ற வாயுவைக் கொண்டு உரம் தயாரித்தது. 1960இல் அது கேரள அரசின் நிறுவனமாயிற்று. 1962இல் பெரும்பான்மைப் பங்குகள் மைய அரசின் வசம் வந்தன.

இவ்வாறு உரிமை கைமாறும்போது ஓர் அடிப்படை வினா எழுகிறது. தனியார் நிறுவனத்தில் முதலீடு செய்தவர், தம் பணம் வீணாவதைக் கண்டால் தாமே கேள்வி கேட்பார். பொதுத்துறை நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர்கள் பொதுமக்கள் ஆவர். அவர்கள் பங்குதாரர் கூட்டத்தில் வந்து அமர்வதில்லை. அவர்களுடைய இடத்திலிருந்து வினா எழுப்ப வேண்டிய கடமை இயக்குநர் குழுவையே சாரும். நேர்மையான தலைமையை வளர்ப்பதில் குழுவின் பங்கு என்ன என்பதை இந்நோக்கிலேயே ஆராய வேண்டும்.

சட்டம் வகுத்துள்ள அமைப்பு

இத்துறையில் விதிகளுக்குக் குறைவில்லை. கே. சந்தானம் தலைமையில் 1962இல் அமைக்கப்பட்ட ஊழல் தடுப்புக் குழுவின் பரிந்துரைப்படி, 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் தோன்றியது. 2003இல் அதற்குச் சட்டத் தகுதி கிடைத்தது. பொதுத்துறை நிறுவனங்களின் நிர்வாகம் குறித்துப் பொது நிறுவனங்கள் துறை வகுத்த நெறிமுறைகள் 2010இல் கட்டாயமாக்கப்பட்டன. அவற்றின்படி, பங்குச்சந்தையில் இடம்பெற்று, நிர்வாகப் பொறுப்பையும் வகிக்கும் தலைவரைக் கொண்ட நிறுவனத்தில், குழுவின் பாதிப் பேராவது சுயேச்சை இயக்குநர்களாக இருத்தல் வேண்டும். அரசின் சார்பில் நியமிக்கப்படுவோர் இருவருக்கு மிகலாகாது. தணிக்கைக் குழுவின் தலைவர் சுயேச்சை இயக்குநராக இருத்தல் வேண்டும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் இயக்குநரின் கடமைகளை 166ஆம் பிரிவில் வரையறுக்கிறது.

எனினும் ஒரு நடைமுறைச் சிக்கலை மறைப்பதற்கில்லை. பொதுத்துறை நிறுவனத்தின் தலைவரை இயக்குநர் குழு தேர்ந்தெடுப்பதில்லை. தேர்வு வாரியம் பரிந்துரைக்கிறது, அரசு நியமிக்கிறது. சுயேச்சை இயக்குநர்களையும் அரசே நியமிக்கிறது. தலைவரை நியமிக்கவும் நீக்கவும் இயலாத குழு, அவருடைய ஒழுக்கத்தை எவ்வாறு உறுதி செய்யும் என்று கேட்கலாம். குழுவிடம் எஞ்சியிருக்கும் கருவிகள் மூன்று. வினா எழுப்புவது, அதை ஏட்டில் பதிவு செய்வது, உண்மையைக் கூறுபவரைக் காப்பது ஆகியனவே அவை. இம்மூன்றையும் தவறாது கையாளும் குழுவே வலிமையுள்ள குழுவாகும்.

இடமலையாறு தரும் பாடம்

ஆலுவாவுக்கு மேலே, பெரியாற்றின் துணையாறு ஒன்றில் இடமலையாறு நீர்மின் திட்டம் உள்ளது. 75 மெகாவாட் திறனுடைய இந்நிலையம் 1987இல் இயங்கத் தொடங்கியது. இதன் சுரங்க நீர்வழி முதலிய பணிகளுக்கான ஒப்பந்தம் மிக உயர்ந்த விலைவீதத்தில் வழங்கப்பட்டு, கேரள மாநில மின் வாரியத்திற்கு இழப்பு நேர்ந்தது என்பதே பின்னர் எழுந்த வழக்கின் சாரம். தனி நீதிமன்றம் 1999இல் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் 2003இல் விடுதலை செய்தது. இறுதியில் 2011 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், மின்துறை அமைச்சராக இருந்த ஆர். பாலகிருஷ்ண பிள்ளைக்கு ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை அளித்தது.

மின் வாரியம் அன்று கம்பெனியன்று. சட்டத்தால் அமைந்த வாரியம். ஆயினும் பாடம் பொதுவானது. இறுதித் தீர்ப்பு கிடைக்க, நிலையம் இயங்கத் தொடங்கியதிலிருந்தே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. நீதிமன்றம் குற்றத்தைத் தண்டிக்கும். செலவான பொதுப்பணத்தை உரிய காலத்தில் மீட்டுத் தர அதனால் இயலாது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்னர், "மதிப்பீட்டிற்கும் ஒப்பந்தப்புள்ளிக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன்?" என்று கூட்டத்தில் எழும் ஒரு வினா, பின்னாளில் எழும் பல வழக்குகளைவிடப் பயனுடையது.

குழு செய்யத்தக்கவை

முதலாவதாக, விலக்கு அளிக்கப்பட்ட இனங்களைக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் பார்வையிட வேண்டும். மதிப்பீட்டை மிஞ்சிய ஒப்பந்தங்கள், போட்டியின்றி ஒருவருக்கே அளிக்கப்பட்ட பணிகள், காலக்கெடு நீட்டிப்புகள் ஆகியவற்றை ஒரே பட்டியலாகக் கேட்டுப் பெறுவது எளிது. தவறுகள் பெரும்பாலும் விதியை வெளிப்படையாக மீறி நுழைவதில்லை. விதிவிலக்கின் வழியாகவே நுழைகின்றன.

இரண்டாவதாக, நடவடிக்கைக் குறிப்புகள் உண்மையைக் காட்ட வேண்டும். "விவாதித்து ஏற்கப்பட்டது" என்ற ஒற்றை வரியால் எவருக்கும் பயனில்லை. எழுந்த ஐயமும் அதற்குக் கிடைத்த விடையும் மாறுபட்ட கருத்தும் இடம்பெற வேண்டும். முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி. எஸ். ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில், அரசு அலுவலர்கள் வாய்மொழி ஆணைகளின்பேரில் மட்டும் செயல்படலாகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அமைச்சகத்திலிருந்து தொலைபேசி வழியே வரும் விருப்பங்களுக்கும் இயக்குநர் குழு இதே அளவுகோலைப் பொருத்தலாம். கட்டளை எழுத்தில் வரட்டும். அதன்மீது குழுவின் கருத்தும் எழுத்தில் செல்லட்டும்.

இந்தப் பதிவு நேர்மையான அலுவலருக்கும் அரணாகும். வணிக முடிவுகளில் சில பிழையாகவே முடியும். அஞ்சி முடிவெடுக்காதிருப்பதும் நிறுவனத்திற்கு இழப்பே. தீய நோக்கமின்றி எடுத்த முடிவும் குற்றமாகக் கருதப்பட இடந்தந்த ஒரு கூறு, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது ஊழல் தடுப்புச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. காரணங்களைத் தெளிவாகப் பதிவு செய்தவர் பிழைக்கும் குற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை எளிதில் நிறுவ இயலும்.

மூன்றாவதாக, குழு தன்னிடமிருந்தே தொடங்க வேண்டும். தமக்கோ உறவினருக்கோ தொடர்புள்ள பொருள் விவாதத்துக்கு வரும்போது அதனை அறிவித்து விலகுதல், நிறுவனத்தின் வாகனத்தையும் விருந்தினர் விடுதியையும் வரம்புக்குட்பட்டுப் பயன்படுத்துதல் ஆகியன சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் ஊழியர்கள் நடத்தை விதிகளைப் படித்து அறிவதைவிட, மேலிருப்போரைப் பார்த்து அறிவதே மிகுதி.

உண்மை கூறுவோருக்குக் காப்பு

தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பணியில் நிகழ்ந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்தியேந்திர துபே 2003 நவம்பரில் கொல்லப்பட்டார். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் அலுவலர் எஸ். மஞ்சுநாத், எரிபொருள் கலப்படத்திற்கு எதிராக நடவடிக்கை எடுத்தமைக்காக 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரும் இளைஞர்கள், தமக்கு இட்ட பணியைச் செய்தவர்கள். முறையீடுகளைப் பெறும் பொறுப்பு 2004இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பங்குச்சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களுக்கு உள்முறையீட்டு ஏற்பாட்டைக் கம்பெனிகள் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது.

ஏற்பாடு ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. முறையீடு செய்தவர் அடுத்த ஆண்டு எங்கு மாற்றப்பட்டார், அவருடைய பணி மதிப்பீடு எவ்வாறு அமைந்தது என்று தணிக்கைக் குழு கேட்க வேண்டும். தலைமைக் கண்காணிப்பு அலுவலர், நிர்வாக இயக்குநர் உடனில்லாத நேரத்தில் தணிக்கைக் குழுவைச் சந்திக்க வாய்ப்பளிப்பதும் நன்று.

பணத்துக்கு அப்பால்

நேர்மை என்பது கணக்கோடு முடிவதன்று. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட கடும் மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் கொச்சிப் பெருநகர்ப் பகுதியும் இடம்பெற்றது. பெரியாற்றின் கரையில் பொதுத்துறை ஆலைகளும் தனியார் ஆலைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆற்று நீரைக் குடிப்போரும் அதில் மீன் பிடிப்போரும் பொதுத்துறையின் உரிமையாளர்களே அல்லரோ? எனவே உற்பத்தி அளவையும் இலாபத்தையும் கேட்கும் கூட்டத்தில், கழிவுநீரின் தரம் பற்றிய அறிக்கையும் அதே கவனத்துடன் ஆராயப்பட வேண்டும். இலக்கை எட்டியவருக்குப் பாராட்டும், குறையை எடுத்துரைத்தவருக்குக் கடிந்துரையும் கிடைக்குமாயின், எந்த நடத்தை விதியும் அந்நிறுவனத்தைக் காவாது.

அரசுக்கும் இதில் பங்குண்டு. சுயேச்சை இயக்குநர்களின் இடங்களைக் காலியாக விடாது உரிய காலத்தில் நிரப்புவதும், துறையறிவும் துணிவும் உடையோரைத் தெரிவு செய்வதும் அரசின் கடமையாகும். நியமனம் பெற்றவரின் கடமை அதன் பின்னர் தொடங்குகிறது. கூட்டத்திற்கு முன் தாள்களைப் படித்து வருவதும், விளங்காததை விளங்கவில்லை என்று சொல்வதும், உடன்பட இயலாதபோது அதனைக் குறிப்பில் எழுதச் செய்வதும் எவருடைய அனுமதியையும் வேண்டி நிற்கும் செயல்கள் அல்ல.