திரை இருந்தால் மனசு விட்டுப் பேசலாம்



"வெள்ளைப்படுதுன்னு நாலு பேர் முன்னாடி டாக்டர்கிட்ட எப்படிக்கா சொல்றது?" என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறீர்கள். சொல்லாமல் திரும்பி வந்தால் நோய்தான் முற்றும். அதனால் பரிசோதனை அறை எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம்.

என்னென்ன வேண்டும்?

* அடுத்தவர் அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டும்.
* கட்டிலைச் சுற்றித் திரை வேண்டும். கதவைத் திறந்தால் கால்மாடு தெரியக் கூடாது.
* கர்ப்பிணிகளும் வயசானவங்களும் ஏறுவதற்குப் படி வேண்டும்.
* கை கழுவத் தண்ணீரும், பக்கத்திலேயே கழிப்பறையும் வேண்டும்.

ஆண் மருத்துவர் உடலைப் பரிசோதிக்கும்போது கூட ஒரு பெண் இருப்பது நம் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் இது இருக்கிறது.

திரைக்கும் படிக்கும் பெரிய செலவு ஆகாது. குழுவில் தீர்மானம் போட்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோயாளர் நலச் சங்கத்திடம் மனுக் கொடுங்கள். கேட்டால்தானே கிடைக்கும்!