தெளிந்த நீரும் தூய நீரும்

டைபாய்டு காய்ச்சலோடு வந்த ஒருவரை நலமாக்கி வீட்டுக்கு அனுப்பும் நாளில், எங்களுக்குள் ஒரு கேள்வி எழுவதுண்டு: அவர் திரும்பிச் செல்வது நோயைத் தந்த அதே நீரிடம்தானோ? அக்கேள்வியே, செவிலியர் சிலரையும் முன்பு இங்கு நோயாளிக்குத் துணையிருந்தோர் சிலரையும் மாதம் ஒரு ஞாயிறு காலையில் அருகிலுள்ள பள்ளத்தின் கரைக்கு அழைத்துச் செல்கிறது.

நூல்கள் ஓடை என்பதைக் கொங்கு வட்டாரம் பள்ளம் என்கிறது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, காவிரியில் கலக்கும் நொய்யலுக்கு இத்தகைய பள்ளங்கள் பலவும் நீர் கொணர்கின்றன. மழைக்காலம் நீங்கலாக, எங்கள் பள்ளத்தில் ஓடுவது பெரும்பாலும் வீடுகளின் கழிவுநீரே.

எங்கள் சோதனைகள் எளியவை. நிறம், நாற்றம், நுரை ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்கிறோம். பின்பு அடிச்சேற்றைச் சல்லடையில் அள்ளிப் பார்க்கிறோம். அதில் நெளியும் செந்நிறப் புழுக்களுக்கு அந்நிறத்தைத் தருவது, நம் குருதியில் உள்ளது போன்ற ஹீமோகுளோபினே. உயிர்வளி குறைந்த சேற்றிலும் அவை பிழைக்க அது துணைசெய்கிறது. அப்புழுக்கள் மட்டுமே மிகுந்து, பிற நீர்ப்பூச்சிகள் காணப்படாவிடில், அந்நீரில் உயிர்வளி குறைந்திருக்கலாம் என ஐயுறுகிறோம்.

இறுதியாக, மருந்தூட்டிய தாள் இடப்பட்ட சிறு குப்பியில் நீரை நிரப்பி மூடி வைக்கிறோம். குவாலியரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1982இல் வெளியிட்ட முறை இது. மலக்கழிவோடு வரும் நுண்ணுயிர்கள் இருப்பின், அவை உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடால் ஓரிரு நாளில் நீர் கறுத்துவிடும்.

சென்ற முறை கரையோர வீட்டுக் கிணற்று நீரையும் ஒரு குப்பியில் எடுத்தோம். "கண்ணாடியாட்டம் இருக்குதே கண்ணு, இதுல என்ன இருக்கப்போகுது?" என்றார் அவ்வீட்டு மூதாட்டி. மறுநாள் காலையில் இரு குப்பிகளும் கறுத்திருந்தன. மாலையில் அவரிடம் சென்று அதைச் சொல்லும்போது எங்கள் குரல் தயங்கியது. அவர் குப்பியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பேரனுக்கு இதைத்தானே குடுத்தேன்" என்று மட்டும் கூறினார். குடிநீரைக் கொதிக்கவைத்து மூடி வைக்குமாறு வேண்டினோம். ஆய்வகச் சோதனைக்கும் நீரை அனுப்பினோம். குப்பி காட்டுவது அறிகுறியே. ஆய்வகமே அதை உறுதிசெய்ய வல்லது.

சாயக்கழிவின் உப்புகளை இக்குப்பி காட்டாது. கொதிக்கவைப்பதும் அவற்றை நீக்காது. ஒரு நாள் அளவு மட்டும் போதாது என்பதைத் துணையிருப்போர் நன்கறிவர். படுக்கையருகே நாள்தோறும் எழுதப்படும் வெப்பநிலைக் குறிப்பே மருத்துவருக்கு வழிகாட்டுகிறது. எங்கள் குறிப்பேடும் அத்தகையதே.

வீடு திரும்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தெளிவை நம்பாதீர்கள். நீர் நன்றாகக் கொதித்த பின்னரும் ஒரு நிமிடமேனும் கொதிக்க விடுங்கள். ஆறியபின் கைபடாமல் எடுத்துப் பருகுங்கள். காலில் புண் உள்ளோரும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரும் பள்ளத்தில் இறங்க வேண்டா. அவர்கள் வீட்டிலிருந்தே குறிப்பேட்டைப் பேணி எங்களுக்கு உதவலாம்.

அம்மூதாட்டியின் அடுப்பில் இப்போது நாள்தோறும் ஒரு குண்டா நீர் கொதிக்கிறது. அடுத்த ஞாயிறும் அவர் வீட்டுக் கிணற்று நீரை எடுக்கச் செல்வோம்.